பீமனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ்

நீங்க இப்படி உக்காருங்க சார், நான் ஜன்னலோரம் போயிடறேன். காத்துக்காகச் சொல்லல. என் வலது பக்கம் உக்காந்தீங்கன்னா இடுப்புல ஒண்ணு இடிக்கும். இடிச்சா என்னான்னு கேப்பீங்க. கேக்கலைன்னாலும் மனசுக்குள்ள நினைப்பீங்க. டிபன் டப்பா இல்ல. செல்போனும் இல்ல. சரி, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். துப்பாக்கி. ரிவால்வர்.

ஏன் எழுந்திருக்கறீங்க, உக்காருங்க. லைசென்ஸ் இருக்குது. சட்டையைத் தூக்கிக் காட்டணும்னா காட்டறேன், வேணாமா, சரி. இது வெளியில தெரியக் கூடாதுங்கறதுதான் இதுல முக்கியமே. எங்க முதலாளி தெளிவாச் சொல்லிட்டாரு, தாண்டவராயா, உன்கிட்ட இது இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாதுன்னு. நான் யார்கிட்டயும் மூச்சு விடறதில்ல. கண்டக்டருக்குத் தெரியும், அவன் பக்கத்து ஊரு. ஆரணி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ரெண்டு பேருக்குத் தெரியும். நீங்க பக்கத்துல உக்காந்துட்டீங்க, அதனால உங்களுக்கு. மத்தபடி ரகசியம்.

ஆனா இதை வாங்கறதுக்கு நான் பட்ட பாடு இருக்குதே, அதைச் சொல்லலாம். அது ரகசியம் இல்ல, ஊருக்கே தெரியும்.

எங்க ஊர்ல வந்து மிலிட்டரி வீடு எதுன்னு கேட்டீங்கன்னா யாரும் காட்டுவாங்க. பதினோரு வருஷம் சர்வீஸ். பதினஞ்சு முடிச்சிருந்தா பென்ஷன் வந்திருக்கும். முடிக்கல. ஏன் முடிக்கலைன்னு ஸ்டேஷன்ல கேட்டாங்க, தாலுகா ஆபீசுல கேட்டாங்க, கலெக்டர் ஆபீசுல கேட்டாங்க. கேக்காதவ எங்க வீட்டுக்காரி பூங்காவனம் ஒருத்திதான். அவ பக்கத்துல இருந்து பாத்தவ.

விஷயம் என்னான்னா, எங்க ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் இருக்குது. திருவிழான்னா பாரதக் கூத்து. மத்த ஊர்ல வெளியூர் ஜமா, அதான் கூத்துக் குழு, வந்து ஆடிட்டுப் போயிடும். எங்க ஊர்ல அப்படி இல்ல, ஊர்க்காரங்கதான் வேஷம் கட்டணும். அதுலயும் வீட்டு உரிமை உண்டு. தர்மர் ஒரு வீட்டுக்கு, அர்ச்சுனன் ஒரு வீட்டுக்கு. பீமன் எங்க வீட்டுக்கு. எங்க தாத்தா பீமன், எங்க அப்பா பீமன், அப்பறம் நான். இந்த உடம்பைப் பாத்தா உங்களுக்கே தெரியும். வேஷக்காரங்களுக்கு முதல் நாளே கையில காப்புக் கட்டிடுவாங்க. கட்டிட்டா, அம்மன் கோயில்ல காப்பு அவிழ்க்கற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினா ஊருக்கே ஆகாது. எங்க ஜில்லாவுல இது தெரியாதவங்க கிடையாது. பட்டாளத்துலதான் ஒருத்தருக்கும் தெரியல.

நான் லீவு சரியாத்தான் வாங்கிட்டு வருவேன் சார். ஒரு வருஷம் மழை பிடிச்சுக்கிச்சு, தீமிதி தள்ளிப் போச்சு. கையில காப்பு, எப்படிக் கிளம்புவேன்? இன்னொரு வருஷம் நடுவுல ஊர்ல ஒரு சாவு விழுந்து எல்லாம் நின்னு போச்சு. அப்பறம் ஒரு வருஷம் தேர் கீழத்தெருவுல திரும்பணுமா மேலத்தெருவுல திரும்பணுமான்னு சண்டை, தாசில்தார் வந்து பேசி முடிக்கற வரைக்கும் நான் ஊர்லயே கிடந்தேன். நாலாவது தடவை திருவிழா குறிச்சபடி முடிஞ்சுது. காப்பும் அவிழ்த்துட்டாங்க. ஆனா அன்னைக்கு எனக்கு உடம்பு ஒரே அலுப்பு. மூணு தடவை நியாயமா லேட்டா போனவன் ஒரு தடவை கொஞ்சம் படுத்திருந்துட்டுப் போனா என்னான்னு இருந்துட்டேன். அதைப் போய் பெரிசு பண்ணிட்டாங்க.

லேட்டா போனா பட்டாளத்துல உங்க பேருக்கு நேரா சிவப்பு மையில எழுதுவாங்க. நாலு சிவப்பு மை விழுந்துட்டா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு ஒரு வழக்கம். எனக்கு நாலும் விழுந்துடுச்சு. எங்க கர்னல் பஞ்சாப்காரரு, நல்ல மனுசன். கூப்பிட்டு நிக்க வச்சுக் கேட்டாரு. நான் காப்பு, எல்லை, பீமன் எல்லாம் எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, பீமன் பதிமூணு வருஷம் ஊரை விட்டு வெளியே இருந்தான், ஆனா குறிச்ச நாள்ல திரும்பி வந்தான், நீ என்னாடா பீமன்னாரு. பீமனுக்கு யாரும் காப்புக் கட்டலையே சாப்னேன். அவரு பேனாவை எடுத்தாரு. கையெழுத்துப் போட்டுட்டாரு.

டிஸ்சார்ஜ் புக்கு கையில கொடுத்தாங்க. அதுல காரணம்னு ஒரு இடத்துல, சர்வீஸ் நோ லாங்கர் ரெக்வயர்டுன்னு டைப் அடிச்சிருந்தாங்க. இனிமே உன் சேவை தேவையில்லைன்னு அர்த்தம். அதுக்குக் கீழ, நடத்தை, குட். நல்லவன். அப்ப எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்னு இருந்துச்சு. ரயில்ல வர்ற வழியெல்லாம் அதைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக்கிட்டே வந்தேன்.

ஊருக்கு வந்து என்னா பண்றது? ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன் வேலை. விசில் கொடுத்தாங்க, ஒரு தடி கொடுத்தாங்க. காரை நிறுத்த இடம் காட்டணும், வாசல்ல செருப்பைப் பாத்துக்கணும். ஒரு நாள் மாப்பிள்ளையோட தாய்மாமன் ஷூவைக் கழட்டி என் கையிலயே கொடுத்துட்டு உள்ள போயிட்டான். புது ஷூ, காணாமப் போயிடுமாம். முகூர்த்தம் முடியற வரைக்கும் நான் அதை மார்போட பிடிச்சுக்கிட்டு நின்னேன். பதினோரு வருஷம் ரைஃபிள் பிடிச்ச கை சார் இது. எனக்கு அன்னைக்கு அழுகை வந்துடுச்சு. வீட்டுக்குப் போய் சோறே இறங்கல.

அந்த மண்டபத்துலதான் எங்க முதலாளி என்னைப் பாத்தாரு. ஆரணியில பட்டு வியாபாரம். சேலை கொண்டு போய்க் கொடுத்துட்டுப் பணத்தோட வர்றவரு. ஒரு தடவை பைபாஸ்ல வண்டியை மறிச்சு அடிச்சுப் பிடுங்கிட்டாங்க. அதுலேர்ந்து கூட ஒரு ஆள் வேணும்னு இருந்தாரு. பெரிய துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒருத்தன் வந்தா, பணம் இங்கதான் இருக்குன்னு போர்டு வச்ச மாதிரி ஆயிடும், எனக்கு சாதாரண சட்டை போட்டவனா வேணும், துப்பாக்கி சட்டைக்குள்ள இருக்கணும்னாரு. ரிவால்வர் நான் வாங்கித் தர்றேன், லைசென்ஸ் உன் பேர்ல நீ வாங்கிட்டு வா, பட்டாளத்து ஆளுக்குக் கொடுப்பாங்க, திருவிழாவுக்குள்ள வாங்கிட்டா வேலை உனக்கு, இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னாரு.

எனக்கு அன்னைக்கே இடுப்புல ஏதோ இருக்கற மாதிரி ஒரு நடை வந்துடுச்சு. பூங்காவனம் பாத்துட்டு, என்னா, காலு சுளுக்கிக்கிச்சான்னு கேட்டா. துப்பாக்கின்னேன். எங்க காணோம்னா. காணக் கூடாது, அதுதான் விசேஷம்னேன். ஒருத்தருக்கும் தெரியாத துப்பாக்கி இருந்தா என்னா இல்லைன்னா என்னான்னு கேட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது.

மனு எழுதித் தரச் சொல்லி ஜெயவேலுகிட்ட போனேன். அவன் எங்க ஊரு மாஜி ஹவில்தார், பென்ஷன் வாங்கறவன். என் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் பாத்தான். கண்ணாடியை மாட்டிக்கிட்டு இன்னொரு தடவை பாத்தான். தாண்டவராயா, இதுல குட்னு போட்டிருக்குதேன்னான். ஆமா நல்லவன்னுதான் போட்டிருக்காங்கன்னேன். பட்டாளத்துல நல்லவனுக்கு எக்ஸம்ப்ளரின்னு போடுவாங்கடா, சுமாரானவனுக்கு வெரி குட்டு, வேணாம்னு கழிச்சவனுக்குத்தான் குட்டுன்னான். இத்தனை வருஷம் கழிச்சு அப்பதான் சார் எனக்குத் தெரிஞ்சுது. இதை வச்சுக்கிட்டு உனக்கு லைசென்ஸ் தர மாட்டாங்க, டிஸ்மிஸ் ஆனவனுக்குத் துப்பாக்கி கொடுக்கறதுக்கு கவர்மென்டுக்கு என்னா பைத்தியமான்னான். டிஸ்மிஸ் இல்ல டிஸ்சார்ஜுன்னேன். ரெண்டும் வீட்டுக்குத்தானே வந்து சேருதுன்னான். ஆனா மனுவை எழுதிக் கொடுத்தான், அதைச் சொல்லணும்.

நான் ஒரு யோசனை பண்ணேன். புக்குல குட்டுன்னு இருந்தா இருக்கட்டும், ஊர் சொல்லட்டும் நான் எப்படிப்பட்டவன்னு. லைசென்ஸுக்கு ஸ்டேஷன்லேர்ந்து ஊருக்கு வந்து விசாரிப்பாங்க இல்லையா. தர்மகர்த்தா வரதப்பனைப் பாத்தேன். அண்ணே, போலீஸ் வந்தா நம்மளைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கன்னேன். அதை நீ சொல்லணுமா தம்பி, ஊரையே கூட்டிடறேன்னாரு. கூட்டிட்டாரு.

ஏட்டு ஒருத்தரு வந்தாரு. கோயில் முன்னாடி நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, விசிறி கொடுத்து உக்கார வச்சோம். அவரு கேட்டது ஒரே கேள்விதான், ஆள் எப்படின்னு. எங்க ஊர்க்காரங்க என்னை விட்டுக் கொடுப்பாங்களா? வரதப்பண்ணன் எழுந்து நின்னாரு. ஐயா, கர்னலே வரச் சொல்லியும் போகாத ஆளுய்யா இவன், கையில காப்பு இருந்தா மேலதிகாரி கீழதிகாரின்னு பாக்க மாட்டான்னாரு. ஏட்டு எழுதிக்கிட்டாரு. இன்னொருத்தரு சொன்னாரு, கிரீடம் ஏறிட்டா இவன் தாண்டவராயன் இல்லய்யா, அம்மன் இறங்கிடுவா, அப்பறம் பெத்த பிள்ளை எதிர்ல நின்னாலும் தெரியாதுன்னு. நாலு பேரு கயித்தைப் போட்டுப் பிடிச்சாலும் அடங்க மாட்டான்னு ஒருத்தன் பின்னாலேர்ந்து கத்தினான். ஏட்டு அதையும் எழுதிக்கிட்டாரு. எனக்கு நெஞ்சு விம்மிப் போச்சு சார். ஒரு ஊரே ஒருத்தனைப் பத்தி இப்படிச் சொல்லுமா? ஒருத்தன் ரெண்டு பேரு பொறாமையில ஏதாவது சொல்வாங்கன்னு பாத்தேன், அதுகூட இல்ல.

கடைசியா எங்க மச்சான் வந்தான். சக்கரபாணி. பூங்காவனத்தோட தம்பி, ஷேர் ஆட்டோ ஓட்டறான். அவன் வீட்டுக்கு துச்சாதனன் வேஷம். அவன் என்னா பண்ணான் தெரியுமா? சட்டைப் பித்தானைக் கழட்டி இடது தோளைக் காட்டினான். பாருங்கய்யா, இது எங்க மாமா உடைச்சது, இப்பவும் கை மேல தூக்க வராது, அம்மனே வந்து அடிச்ச அடிய்யா இதுன்னான். பெருமையாச் சொன்னான். ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு.

அது நடந்தது போன திருவிழாவுக்கு முந்தின திருவிழாவுல. துச்சாதனனைப் பீமன் கொல்ற கட்டம். விடிஞ்சு வெயில் ஏறிக்கிட்டிருந்துச்சு. எனக்கு ஒண்ணுமே நினைவில்ல சார், அருள் வந்தவனுக்கு என்னா நினைவிருக்கும். அவன் பந்தக்காலைச் சுத்தி ரெண்டு சுத்து ஓடினான். மூணாவது சுத்துல காலு தடுக்கி மண்டி போட்டான். வழக்கமா பீமன் கதாயுதத்தை மண்ணுல அடிக்கணும், அவன் பக்கத்துல. அவன் என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான், வாயோரமா. நான் கதையை இப்படி, பின்னால கொண்டு போய், ஒரு அடி. இடது தோள், கழுத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். தோள்ல கட்டியிருந்த மரப் புஜக்கட்டை ரெண்டாப் பிளந்து விழுந்துச்சு. மாமான்னு கத்தினான். இன்னொண்ணு ஓங்கினேன், அதுக்குள்ள வந்து பிடிச்சுட்டாங்க. மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாது.

அதுக்கு முந்தின வாரம் ஒரு காதுகுத்து விசேஷம் நடந்துச்சு. அங்க சொந்தக்காரங்க எல்லாம் சாப்பிட உக்காந்திருக்கறப்ப, இந்தச் சக்கரபாணி, எங்க மாமாவை வேணாம்னு பட்டாளத்துலயே எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாங்க, எங்க அக்காதான் வேற வழியில்லாம வச்சிருக்குதுன்னு சொன்னான். பந்தியே சிரிச்சுது. இலையில கை வச்சபடி நான் கேட்டுக்கிட்டிருந்தேன். அது வேற, இது வேற. ரெண்டையும் முடிச்சுப் போடறவங்க போடட்டும். அடிச்சது அம்மன்னு வைத்தியம் பாத்த புத்தூர்க் கட்டுக்காரரே சொல்லிட்டாரு. அவனும் ஒரு வார்த்தை குறை சொல்லல. கட்டுப் போட்ட கையோட வந்து என் கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போனான்.

ஏட்டு கிளம்பறப்ப என்னைத் தனியாக் கூப்பிட்டு, உங்க ஊர் ஜனங்களுக்கு உங்க மேல ரொம்பப் பிரியம் போலன்னாரு. ஆமாங்கய்யான்னேன். ரொம்பன்னாரு.

அப்பறம் பாத்தா கலெக்டர் ஆபீசுலேர்ந்து ஓலை. போலீஸ் அறிக்கை எனக்கு எதிரா இருக்குதாம், ஏன் நிராகரிக்கக் கூடாதுன்னு நேர்ல வந்து சொல்லணுமாம். முதலாளிகிட்ட போன் பண்ணி இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னேன். திருவிழா வரைக்கும்தான்னு வச்சுட்டாரு. அன்னைக்குச் சாயங்காலமும் மண்டபத்துல ஒரு ரிசப்ஷன், செருப்புக்கு டோக்கன் போட்டுக்கிட்டிருந்தேன். ஆயுசுக்கும் இதுதானான்னு இருந்துச்சு.

ஊருக்குச் செய்தி தெரிஞ்சுது. ஏட்டு ஏதோ மாத்தி எழுதிட்டான், நாம நேர்லயே போய்ச் சொல்லுவோம்னு வரதப்பண்ணன் டெம்போ பிடிச்சுட்டாரு. ஒரு டெம்போ நிறைய ஜனம். சக்கரபாணி அன்னைக்கு ஆட்டோ ஓட்டாம, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்தான். அந்தத் தோளோட அவனைப் பாத்தப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அங்க இருந்தது ஒரு அம்மா. பெரிய அதிகாரி, மெல்லிசாப் பேசறாங்க. நான் உள்ள போய் அட்டென்ஷன்ல நின்னேன். எனக்குப் பின்னால ஊரு நின்னுச்சு. அந்தம்மா முதல்ல டிஸ்சார்ஜ் புக்கைத்தான் எடுத்தாங்க. என் உயிர் அதுலதான் இருந்துச்சு. பட்டாளத்துல வேலைநீக்கம் வேற, விடுவிப்பு வேறன்னாங்க. ஆயுதத்தை வச்சு ஏதாவது பண்ணி, கோர்ட் மார்ஷல் ஆகி டிஸ்மிஸ் ஆகியிருந்தா யோசிக்க வேண்டியதுதான். இவரு லீவு முடிஞ்சு லேட்டா போயிருக்காரு, அதுக்கு விடுவிச்சிருக்காங்க. லேட்டா போறதுக்கும் துப்பாக்கிக்கும் என்னா சம்பந்தம்னு அந்தம்மாவே கேட்டுட்டு புக்கை மூடி என்கிட்ட நீட்டிட்டாங்க. குட்டுன்னு இருக்குதேம்மான்னேன். இருக்கட்டும், நல்லதுதானேன்னாங்க.

எனக்கு அவங்க கால்ல விழலாம்னு தோணுச்சு சார். எத்தனை வருஷம். ஜெயவேலு அந்த நேரத்துல அங்க இல்லாமப் போனானேன்னு இருந்துச்சு. நான் நினைச்சேன், முடிஞ்சுதுன்னு.

அப்பறம் அந்தம்மா ஏட்டு எழுதினதை எடுத்தாங்க. வாய்விட்டுப் படிச்சாங்க. மனுதாரர் ஆண்டுதோறும் தன்நினைவை இழப்பவர் என்று ஊரார் ஒருமனதாகத் தெரிவித்தனர். ஊரு பின்னால, ஆமாம்மா ஆமாம்மான்னுது. நால்வர் பிடித்தும் அடங்காதவர். ஆமாம்மா. உறவினரின் தோளை உடைத்தவர். ஆமாம்மா, இதோ நிக்கறாரும்மான்னு சக்கரபாணியை முன்னால தள்ளினாங்க. அந்தம்மா பேப்பரை வச்சுட்டாங்க.

"தாண்டவராயன், இதுதான் எனக்குப் பிரச்சனை. வேஷம் கட்டினப்பறம் என்ன செய்யறோம்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

இங்கதான் சார் பாத்தீங்களா. தெரியாதுன்னு சொன்னா, நினைவில்லாதவன் கையில துப்பாக்கியான்னு மனுவைக் கிழிச்சிடுவாங்க. தெரியும்னு சொன்னா, எங்க தாத்தாவும் எங்க அப்பாவும் கட்டின பீமன் போச்சு. எனக்குப் பின்னால மொத்த ஊரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்சம் தனியாப் பேசணும்மான்னேன். எல்லாரையும் வெளியே நிக்கச் சொன்னாங்க. போனாங்க. ஆனா அந்த அறைக்குக் கதவு கிடையாது, பச்சைத் திரைதான். திரைக்குக் கீழ எல்லார் காலும் தெரியுது. வெள்ளை வேட்டி முன்னால நிக்குது.

எனக்கு அந்தத் தாய்மாமன் ஷூ ஞாபகம் வந்துச்சு சார். வேற ஒண்ணும் வரல.

"தெரியும்மா," அப்படின்னேன். "அதெல்லாம் நடிப்புதாம்மா. அருளெல்லாம் ஒண்ணும் வர்றதில்ல. எல்லாம் தெரிஞ்சுதான் பண்றது."

மெதுவாத்தான் சொன்னேன். ஆனா என் குரல் கூத்துக்குப் பழகின குரல், மைக்கு இல்லாம ஊர்க் கோடிக்குக் கேக்கும். திரைக்குக் கீழ காலெல்லாம் அசையாம நின்னுடுச்சு.

அப்ப மச்சானை அடிச்சதும் தெரிஞ்சுதானான்னு அந்தம்மா கேட்டாங்க. அளவாத்தாம்மா அடிச்சேன், அவன் நகர்ந்துட்டான்னேன். வேற என்னா சொல்றது? லைசென்ஸுக்காகச் சொன்னது சார். ரேஷன் கார்டுக்கு, கடனுக்கு நாம என்னென்ன சொல்றோம். அம்மனுக்குத் தெரியாதா என் மனசு?

அந்தம்மா யோசிச்சாங்க. சக்கரபாணியைக் கூப்பிட்டாங்க. தெரிஞ்சு அடிச்சதா இவரே சொல்றாரு, உங்களுக்கு இவர் மேல ஏதாவது புகார் இருக்குதா, இருந்தா இப்பச் சொல்லுங்க, என் முடிவு அதைப் பொறுத்ததுன்னாங்க. அவன் என்னைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அந்தத் தோளை இந்தக் கையால ஒரு தடவை தடவிக்கிட்டான். அப்பறம் அந்தம்மா பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

"புகாரெல்லாம் இல்லம்மா. மாமாவுக்கு லைசென்ஸ் கொடுத்துடுங்க."

என்னா மனசு பாருங்க அவனுக்கு. நான் அப்படியே கட்டிப் பிடிச்சுக்கலாம்னு போனேன். அவன் வெளியே போயிட்டான். திரும்பி வர்றப்ப டெம்போவுல ஒருத்தர்கூடப் பேசல. போறப்ப பாட்டும் சிரிப்புமா போன ஜனம். களைப்புன்னு நினைச்சேன். எனக்கு பக்கத்துல இடம்கூட விட்டு உக்காந்திருந்தாங்க, மரியாதைக்கு.

லைசென்ஸ் வந்துடுச்சு. வேலையும் கிடைச்சுடுச்சு. முதலாளி பக்கத்துல முன் சீட்ல உக்காந்து போறேன். ஹோட்டல்ல அவரு இலைக்கு எதிர்ல எனக்கு இலை. மண்டபத்துப் பக்கம் போனா பழைய மேனேஜரே வணக்கம் வைக்கறான். அதுல ஒரு குறையும் இல்ல சார்.

ஊர்லதான் கொஞ்சம் சிக்கல். திருவிழாவுக்குக் கூட்டம் போட்டாங்க. வரதப்பண்ணன் என் முகத்தைப் பாக்காமலே பேசினாரு. சர்க்கார் முன்னாடியே அருள் வர்றதில்லைன்னு சொன்னவன் தலையில பீமன் கிரீடம் வைக்க முடியாதுன்னுட்டாரு. சரி, யாரு கட்டறதுன்னு கேட்டேன். சக்கரபாணின்னாங்க. தோளு தூக்க வராதேன்னேன். வலது கை நல்லாத்தான் இருக்குதுன்னான் அவன். அப்ப அவன் வேஷம் காலியாகுதே, துச்சாதனன் யாருன்னு ஒரு கேள்வி வந்துச்சு. ஊரே என்னைப் பாத்துச்சு. பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து பூங்காவனம், எங்க வீட்டுக்காரரு கட்டுவாருன்னா. என்னைக் கட்டினவ சார் அவ. அவ தம்பிக்காகப் பேசறாளா எனக்காகப் பேசறாளான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவன் தோளுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு விடறா. நாட்டுக்கோழி முட்டை எங்க வீட்டுலேர்ந்து அங்க போகுது.

இன்னைக்கு சாயங்காலம் காப்புக் கட்டறாங்க. கட்டிட்டா முடியற வரைக்கும் எல்லையைத் தாண்ட முடியாது, உங்களுக்குத்தான் சொன்னேனே. இதையும் உள்ள கொண்டு போக முடியாது. திருவிழாக் கூட்டத்துல துப்பாக்கி வச்சுக்கக் கூடாதுன்னு லைசென்ஸ்லயே போட்டிருக்குது. ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டுத்தான் ஊருக்குள்ள போகணும். அதுக்குத்தான் முன் ஸ்டாப்பிங்லயே இறங்கறேன். தோ, அந்தப் புளியமரத்துக்கு அப்பால.

மச்சான் நேத்து போன் பண்ணான் சார். அந்த டெம்போவுக்கு அப்பறம் அவன் என்கிட்ட பேசினதே நேத்துதான். குரல்ல கோபமே இல்ல. வேஷத்துக்குப் பயப்படறியா மாமான்னு கேட்டான். எனக்கென்னாடா பயம், அம்மன் பாத்துக்குவான்னேன். சிரிச்சான்.

"பயப்படாதே மாமா," அப்படின்னான். "எனக்கும் அருளெல்லாம் வராது. தெரிஞ்சுதான் அடிப்பேன்."